மறுவாழ்வு சிகிச்சை ரோபோவும் அதன் சந்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதமும் தண்டுவடக் காயமும்தான் என் அன்றாடம். இழந்த அசைவைத் திரும்பப் பழக்கும் ரோபோ எங்கள் பிரிவுக்கு வந்த நாளிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. நோயாளியின் மகள் கேட்கிறார், நிர்வாகத்தில் கேட்கிறார்கள், பொறியியல் மாணவர்கள் கேட்கிறார்கள், பங்கில் பணம் போட நினைக்கும் உறவினர் போன் போட்டுக் கேட்கிறார். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. ரோபோன்னா மனுஷன் மாதிரி நின்னுக்கிட்டு கையைப் பிடிச்சு விடுமா?

இல்லை. முதல் முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் "இதுவா ரோபோ?" என்றுதான் கேட்கிறார்கள். கைக்கான கருவி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மேசை, அதன் மேல் கைப்பிடியுடன் ஒரு இரும்புக் கை, எதிரே ஒரு திரை. நோயாளியின் முன்கையைத் தொட்டில் போன்ற ஒரு தாங்கியில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுவோம். திரையின் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கடிகார முகம் போல எட்டுப் புள்ளிகள். ஒரு புள்ளி நிறம் மாறும். அதை நோக்கி அவர் கைப்பிடியைத் தள்ள வேண்டும்.

அவர் தள்ளினால் கருவி சும்மா இருக்கும். பாதி வழியில் நின்றால் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு மீதி தூரத்துக்கு மெல்லக் கொண்டுபோகும். கை வேறு பக்கம் இழுத்தால் தடுத்து வழிக்குத் திருப்பும். அடுத்த புள்ளி. மறுபடி அடுத்தது. அவ்வளவுதான் அதன் வேலை. பார்க்கிறவர்களுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

2. எத்தனை வகை இருக்கு? படத்துல பார்த்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கே.

இரண்டு பெரிய வகைகளை நினைவில் வைத்தால் போதும். முதல் வகை கையின் அல்லது காலின் நுனியை மட்டும் பிடித்து நகர்த்தும். மேலே சொன்ன மேசைக் கருவி அந்த ரகம். பாதத்தை மிதிபலகையில் வைத்து நடையின் வட்டத்தை ஓட்டும் இயந்திரங்களும் அதே ரகம்தான். இரண்டாவது வகை உடலின் மேல் சட்டகம் போல அணிவது, எக்ஸோஸ்கெலிட்டன். இடுப்பு, முழங்கால், தோள், முழங்கை என்று மூட்டுக்கு மூட்டு மோட்டார் இருக்கும்.

எக்ஸோஸ்கெலிட்டனிலும் பிரிவு உண்டு. டிரெட்மில்லோடு நிலையாகப் பொருத்தப்பட்டு, நோயாளியை மேலிருந்து பட்டையில் தொங்கவிட்டு நடக்க வைப்பது ஒன்று. தரையில் அணிந்து நடப்பது இன்னொன்று. தரையில் நடப்பதிலும் மருத்துவமனைக்குள் மட்டும் பயன்படுவது, வீட்டுக்கு எடுத்துப் போவது என்று இரண்டு. சந்தையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடைசிப் பிரிவினை மிக முக்கியம், ஏன் என்று 8-இல் வரும்.

3. இதெல்லாம் இப்பத்தான் வந்ததா?

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நெவில் ஹோகன், ஹெர்மனோ இகோ கிரெப்ஸ் ஆகியோர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1989-இல் தொடங்கிய 'மேனஸ்' திட்டத்தில்தான் அந்த மேசைக் கருவி பிறந்தது. டிரெட்மில் வகையில் பெயர்பெற்ற 'லோகோமாட்' சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது. அதைச் செய்த ஹோகோமா நிறுவனம் 1996-இல் தொடங்கியது. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்திலிருந்து யோஷியுகி சங்காய் உருவாக்கிய 'ஹால்' என்ற எக்ஸோஸ்கெலிட்டன், 2004-இல் தொடங்கிய சைபர்டைன் நிறுவனத்தின் வழியே வந்தது. வீட்டிலும் வெளியிலும் அணிந்து நடக்க அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. முதன்முதலில் அனுமதித்த எக்ஸோஸ்கெலிட்டன் இஸ்ரேலின் 'ரீவாக்', 2014 ஜூனில்.

இத்தனை வருடமாகியும் இதை "வளர்ந்து வரும் சந்தை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் இன்னும் வளர்ந்தபாடில்லை என்பது எனக்கும் வெகுநாள் புதிராக இருந்தது.

4. நீங்க கையால செய்யுற பயிற்சியைத்தானே அதுவும் செய்யுது? அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மெஷின்?

எண்ணிக்கைக்காக. அடிபட்ட மூளை ஒரு அசைவைத் திரும்பக் கற்க, அதை நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும் என்பது விலங்கு ஆய்வுகளிலிருந்து கிடைத்த பாடம். நாங்கள் உண்மையில் எவ்வளவு செய்ய வைக்கிறோம்? வட அமெரிக்காவில் 312 சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்தில் இருந்து எண்ணி 2009-இல் வெளியிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பின் கைப் பயிற்சியில், பயன்பாட்டு அசைவுகள் ஒரு அமர்வுக்குச் சராசரி 32. நடைப் பயிற்சியில் 357 அடிகள். அதைப் படித்த அன்று நான் என் அமர்வுகளையும் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன்.

மேசைக் கருவி ஒரு மணி நேரத்தில் ஆயிரம் அசைவு வரை வாங்கிவிடும். நடை இயந்திரத்திலும் அரை மணியில் ஆயிரம் அடியைத் தொடலாம். அதையே கையால் செய்ய வேண்டுமானால் டிரெட்மில்லின் இரு பக்கமும் இரண்டு பேர் குனிந்து உட்கார்ந்து கால்களைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், மூன்றாவது ஆள் பின்னால் நின்று இடுப்பைப் பிடிக்க வேண்டும். இருபது நிமிடத்தில் நோயாளிக்கு முன் எங்கள் முதுகு போய்விடும்.

5. அப்படின்னா ரோபோதானே மேல்? ஆய்வுகள் அப்படித்தானே சொல்லுது?

கைக்கு ஒரு பதில், காலுக்கு ஒரு பதில். விற்பனைக் கையேடுகளில் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறார்கள்.

கையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வந்தது. எல்லாருமே பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்கள். வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால் 36 வாரத்தில் ரோபோக் குழு கொஞ்சம் முன்னே இருந்தது. ஆனால் அதே அளவு பயிற்சியை ஆட்கள் கையால் கொடுத்த குழுவைவிட முன்னே இல்லை. அடுத்தது பிரிட்டனில் 770 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு, 2019-இல் வெளியானது. 'தேறியவர்கள்' என்று கணக்கிடப்பட்டவர்கள் ரோபோக் குழுவில் 44 சதவீதம், கையால் தீவிரப் பயிற்சி பெற்ற குழுவில் 50, வழக்கமான கவனிப்பில் 42. வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2023-இல், எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் பக்கவாத வழிகாட்டியில், கைப் பயிற்சிக்கு ரோபோவைத் தர வேண்டாம் என்றே எழுதிவிட்டது.

காலின் கதை இவ்வளவு மோசமில்லை. நடை இயந்திரங்களைப் பற்றி வந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது: பிசியோதெரபியோடு இயந்திரத்தையும் சேர்த்தால், துணையின்றி நடப்பவர்கள் கூடுகிறார்கள். ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர். அதிகப் பலன் யாருக்கு என்றால், பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களுக்கும் இன்னும் நடக்கவே முடியாதவர்களுக்கும். ஏற்கெனவே நடப்பவரை இன்னும் நன்றாக நடக்க வைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

6. ஆயிரம் தடவை செஞ்சும் கை ஏன் தேறல? நீங்களே எண்ணிக்கைதான் முக்கியம்னு சொன்னீங்க.

நல்ல பிடி. எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். மேசை மேல் புள்ளிக்குப் புள்ளி தள்ளுவதில் கை தேறத்தான் செய்கிறது. ஆனால் சட்டைப் பொத்தான் போடுவது வேறு வேலை. தள்ளுவதில் கிடைத்த முன்னேற்றம் தானாகப் பொத்தானுக்கு வந்துவிடுவதில்லை. யாராவது அந்தக் கையைப் பிடித்துப் பொத்தானிடம் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, உடம்பு சோம்பேறி. இயந்திரம் தூக்கும் என்று தெரிந்தால் தசை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். இதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இப்போதைய மென்பொருள்கள் 'தேவைப்படும் அளவுக்கு மட்டும்' உதவும்படி எழுதப்படுகின்றன. எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் நடை இயந்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் அடி நடந்தார். இறங்கியதும் "நல்ல தூக்கம்மா" என்றார். அன்றிலிருந்து உதவியின் அளவை யார் குறைப்பது, எப்போது குறைப்பது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் ஆளை ஏற்றுகிறோம்.

7. ரோபோ வந்துட்டா உங்க வேலை போயிடாதா?

எனக்கு அந்தப் பயம் இல்லை. தொங்கும் பட்டையை இழுத்துக் கட்டி, தொடையின் நீளம் அளந்து சட்டகத்தைப் பொருத்தி, தோல் உரசும் இடத்தில் பஞ்சு வைத்து முடிக்கவே ஒரு புதியவருக்கு அரை மணி ஆகும். அதை ரோபோ செய்யாது. ஒரு ஆள் இரண்டு கைக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு சில இடங்களில் பலிக்கிறது. இயந்திரம் ஆளைக் குறைக்கும் என்று நம்பி வாங்கிய இடங்களில்தான் ஏமாற்றம் அதிகம்.

8. சரி, காசு யார் கட்டுறது? இன்சூரன்ஸ் கொடுக்குமா?

இந்தச் சந்தையின் சூட்சுமமே இந்தக் கேள்விதான். எனக்குப் புதிராக இருந்தது என்று 3-இல் சொன்னேனே, அதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது. வாங்குவது மருத்துவமனை, பயன்படுத்துவது நோயாளி, பணம் தருவது காப்பீடோ அரசோ. மூவரும் மூன்று திசையில் நிற்கிறார்கள். மருத்துவமனைக்குள் இருக்கும் ரோபோவுக்குப் பல நாடுகளில் தனிக் கட்டணமே கிடையாது. அமெரிக்காவிலும் சிகிச்சை அளித்த நேரத்துக்குத்தான் பில். ரோபோவில் நடத்தினாலும் கையால் நடத்தினாலும் அதே தொகை. அப்படியானால் இயந்திரத்தின் விலையை எங்கிருந்து எடுப்பது?

வீட்டுக்குப் போகும் கருவியின் கதை வேறு. நோயாளிக்குச் சொந்தமான பொருள் என்பதால் அதைச் செயற்கைக் கால், தாங்குபட்டை வரிசையில் சேர்க்க முடியும். ஜெர்மனியில் 2018-இல் ரீவாக் கருவியைச் சட்டப்படியான பொது மருத்துவக் காப்பீட்டின் உதவிச் சாதனப் பட்டியலில் சேர்த்தார்கள். முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்குமான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், சொந்தப் பயன்பாட்டு எக்ஸோஸ்கெலிட்டனை 2024 ஜனவரி முதல் தாங்குபட்டை வகையில் வைத்தது. அதே ஏப்ரலில் அதற்குச் சுமார் 91,000 டாலர் என்று தொகையும் நிர்ணயித்தது. அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. அனுமதி 2014, பணத்துக்கு வழி பிறந்தது 2024. இடைப்பட்ட பத்து வருடத்தை ஒரு நிறுவனம் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பான் மூன்றாவது வழியில் போனது. மருத்துவ 'ஹால்' கருவிக்கு 2015-இல் அனுமதி, 2016-இலேயே சில அரிய நரம்பு-தசை நோய்களுக்குக் காப்பீடு. நோயாளிகள் குறைவு என்பதால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

9. உள்ளே இருக்கிறது நாலு மோட்டார், ஒரு கம்ப்யூட்டர். விலை ஏன் இப்படிக் கொள்ளை அடிக்குது?

இதைக் கேட்பது பெரும்பாலும் பொறியியல் மாணவர்கள். மோட்டாருக்கு மட்டும் விலை போட்டால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த மோட்டார், உணர்ச்சியில்லாத காலைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. வலித்தாலும் அந்தக் கால் சொல்லாது. எலும்பு மெலிந்திருந்தால் முறிந்தே போகும், அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் சோதனை, ஒவ்வொரு மென்பொருள் மாற்றத்துக்கும் ஆவணம், நாட்டுக்கு நாடு அனுமதி. கூடவே பயிற்சி கொடுக்க ஆள், பழுது பார்க்க ஆள். இத்தனைச் செலவையும் பங்கு போட, வருடத்துக்கு விற்பது கார் போல லட்சக்கணக்கில் அல்ல. விற்பது குறைவதால் விலை ஏறுகிறது, விலை ஏறுவதால் விற்பது குறைகிறது.

10. ஒரு மார்க்கெட் ரிப்போர்ட் ஒரு தொகை சொல்லுது, இன்னொண்ணு மூணு மடங்கு சொல்லுது. எதை நம்பறது?

தொகையைப் பார்க்கும் முன் எதையெல்லாம் எண்ணினார்கள் என்று பாருங்கள். தொழிற்சாலையில் தொழிலாளி முதுகுக்கு அணியும் எக்ஸோஸ்கெலிட்டனைச் சிலர் சேர்த்துவிடுவார்கள். மோட்டார் பொருத்திய செயற்கைக் கை கால்களைச் சேர்ப்பவர்கள் உண்டு. மோட்டாரே இல்லாமல் ஸ்பிரிங்கில் கையைத் தாங்கும் கருவி ரோபோவா இல்லையா என்பதிலேயே கருத்து வேறுபாடு. பராமரிப்பு ஒப்பந்தத்தை எண்ணினார்களா, அட்டவணை விலையா தள்ளுபடி விலையா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போகலாம்.

இன்னொரு தந்திரம் தேவையைச் சந்தையாகக் காட்டுவது. உலகில் சுமார் 240 கோடிப் பேருக்கு மறுவாழ்வு சிகிச்சை பயன்படும் நிலை இருக்கிறது என்பது 2019 தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் பங்கெடுத்த ஆய்வின் கணக்கு, நம்பத் தகுந்தது. ஆனால் அதில் முதுகுவலியும் உண்டு, பார்வைக் குறைபாடும் உண்டு. அந்த எண்ணை ரோபோ அறிக்கையின் முதல் பக்கத்தில் பார்த்தால் நான் மூடி வைத்துவிடுவேன்.

11. இந்தக் கம்பெனிகள்ல பங்கு வாங்கலாமா? எதிர்காலம் இதுதான்னு சொல்றாங்க.

நான் முதலீட்டு ஆலோசகர் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். ரீவாக் நிறுவனம் 2014-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. பங்கு விலை விழுந்து விழுந்து, பல பங்குகளை ஒன்றாக்கும் வேலையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டி வந்தது. 2023-இல் உடல் எடையைத் தாங்கும் டிரெட்மில் செய்யும் ஆல்டர்ஜி நிறுவனத்தை வாங்கி, 2024-இல் லைஃப்வார்ட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. 'இண்டிகோ' எக்ஸோஸ்கெலிட்டனை வைத்திருந்த பார்க்கர் ஹானிஃபின் மிகப் பெரிய பொறியியல் நிறுவனம். அதுவே 2022-இல் அந்தப் பிரிவை எக்ஸோ பயானிக்ஸ் என்ற எக்ஸோஸ்கெலிட்டன் நிறுவனத்திடம் ஒரு கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. மேனஸ் வழிவந்த நிறுவனமும் 2016-இல் கைமாறியது.

பணம் இருந்தவர்களும் நகர்ந்துவிட்டார்கள். காரணம் தொழில்நுட்பம் தோற்றது அல்ல, 8-ஐத் திரும்பப் படியுங்கள்.

12. வாங்காம வாடகைக்கு எடுக்க முடியாதா?

முடியும். பலருக்கு அதுதான் புத்திசாலித்தனம் என்பேன். ஜப்பானில் டொயோட்டா தன் 'வெல்வாக்' நடைக் கருவியை 2017-இல் விற்பனைக்கு விடாமல் மருத்துவமனைகளுக்கு வாடகைக்கே விட்டது. தொடக்கத் தொகை 10 லட்சம் யென், மாதம் 3.5 லட்சம் யென். ஹோண்டா தன் இடுப்பு நடைத்துணைக் கருவியை 2015-இல் குத்தகைக்குத்தான் கொடுத்தது. வாடகையில் பழுது அவர்கள் தலையில் போகும், மென்பொருள் பழசாகும் கவலையும் குறையும். ஓராண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கலாம். விற்பனையாளர் வாடகைக்கு ஒப்பவே மாட்டேன் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

13. எங்க ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். சேல்ஸ்காரர்கிட்ட என்ன கேக்கணும்?

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கைக்கருவி ஒன்று மூலையில் இருந்தது. திறப்பு விழாவுக்குப் பின் நான்கு மாதம் ஓடியது. பயிற்சி பெற்ற இரண்டு பேரும் வேலை மாறிப் போனார்கள். அதன்பின் மேலே ஒரு போர்வை, போர்வை மேல் கோப்புகள். நான் சேர்ந்தபோது அதன் கைப்பிடியில் யாரோ குடை மாட்டியிருந்தார்கள். பழுதே இல்லை, ஓட்டத்தான் ஆளில்லை.

அதனால் முதலில் கேட்க வேண்டியது பயிற்சி: எத்தனை பேருக்கு, ஆள் மாறினால் மறுபடி இலவசமா? அடுத்து, ஒரு நோயாளியை ஏற்றி இறக்க ஆகும் நேரம். அதைச் சொல்லக் கேட்காமல், உங்கள் நோயாளி ஒருவரை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்து காட்டச் சொல்லுங்கள். பழுதானால் உதிரி பாகம் எங்கிருந்து எத்தனை நாளில் வரும்? உத்தரவாதம் முடிந்தபின் ஆண்டுப் பராமரிப்புத் தொகை எவ்வளவு? இதே கருவியை மூன்று வருடம் முன்பு வாங்கிய ஓர் இடத்தின் பெயரைக் கேட்டு, அங்கே சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று பாருங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கிறதா, போர்வை போர்த்தியிருக்கிறதா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

14. என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்ல. வீட்டுக்கே ஒண்ணு வாங்கினா வீல்சேர் தேவைப்படாதுல்ல?

தேவைப்படும். இப்போதிருக்கும் கருவிகள் சக்கர நாற்காலிக்கு மாற்று இல்லை, அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் பொருள். பெரும்பாலானவற்றுக்கு இரண்டு ஊன்றுகோல் வேண்டும். அப்படியானால் தோளும் கைகளும் வலுவாக இருக்க வேண்டும், கையில் எதையும் எடுத்துப் போக முடியாது. ஊன்றுகோல் இல்லாமல் தானே சமநிலை காக்கும் கருவியைப் பிரான்ஸின் வாண்டர்கிராஃப்ட் செய்திருக்கிறது. அது மருத்துவமனைக்குள் பயிற்சிக்குப் புழங்கும் ரகம்.

ரீவாக் அனுமதியிலேயே, பயிற்சி பெற்ற துணையாள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. உயரம், எடைக்கு வரம்பு உண்டு. எலும்பின் அடர்த்தி பார்க்க வேண்டும், மூட்டுகள் இறுகியிருக்கக் கூடாது, ஆறாத புண் இருக்கக் கூடாது. இவ்வளவும் தேறி, தினமும் அணிந்து கழற்றும் பொறுமையும் இருந்தால், எழுந்து நின்று அடுத்தவர் கண்ணைச் சமமாகப் பார்த்துப் பேசுவதில் இருக்கும் நிறைவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதை அனுபவித்தவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

15. வாங்கின பிறகு கம்பெனி மூடிட்டா என்ன பண்றது?

11-ஐப் படித்தவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். நிறுவனம் மூடக்கூட வேண்டாம், "இந்த மாடலுக்கு இனி சர்வீஸ் இல்லை" என்று சொன்னால் போதும். பேட்டரி இணைப்பில் ஒரு சிறு வயர் போனாலும், அதைத் திறக்க உரிமையும் வரைபடமும் அவர்களிடம்தான். பக்கத்துக் கடைக்காரர் பற்றவைத்துக் கொடுத்தால் அதை அணிந்து நிற்கத் துணிவீர்களா?

வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு வரை உதிரி பாகம் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் கைமாறினால் புதிய உரிமையாளரையும் அது கட்டுப்படுத்த வேண்டும். அதோடு, இணையத் தொடர்பு இல்லாமல் கருவி ஓடுமா என்றும் கேளுங்கள். உரிமச் சாவி சர்வரில் இருந்தால், சர்வர் நின்ற அன்று கருவியும் நிற்கும்.

16. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ரோபோ இருக்கிற இடத்துக்கு மாத்தணுமா? கடன் வாங்கியாவது செய்யத் தயாரா இருக்கோம்.

எல்லாரையும்விட அதிகமாக இதைக் கேட்பவர்கள் குடும்பத்தினர்தான். அப்பாவால் நிற்கவே முடியவில்லை என்றால், 5-இல் சொன்ன மூன்று மாதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தும். பக்கத்தில் நடை இயந்திரம் இருக்கிறது, மருத்துவரும் சம்மதிக்கிறார் என்றால் போய்ப் பாருங்கள். கைதான் பிரச்சினை என்றால், ரோபோவுக்காக இடம் மாற்றி அலைக்கழிக்காதீர்கள்.

எந்த இடமானாலும் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் குறியுங்கள்: அப்பா இன்று எத்தனை முறை எழுந்து நின்றார், எத்தனை அடி வைத்தார், அந்தக் கை எத்தனை முறை எதையாவது எட்டியது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அங்கே இருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் போய் "இதை நாளைக்கு எப்படி இரண்டு மடங்காக்கலாம்?" என்று கேளுங்கள். என்னிடம் யாராவது அப்படித் தாளோடு வந்து நின்றால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மறுநாள் எண்ணிக்கை கூடியிருக்கும்.